சேந்தன் உமையாள் என்றொரு பெயர்

திருவண்ணாமலையிலிருந்து மணலூர்ப்பேட்டைக்குப் போகும் சாலை தென்பெண்ணைக் கரையில் போய் நிற்கும். தை மாத ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர் அது. எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அந்த வழி பழகிய வழி. மணலூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில்தான் ஜம்பை இருக்கிறது. 1981இல் அங்குள்ள குன்றில், அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த கற்படுக்கையைப் பற்றிய தமிழ்ப் பிராமி எழுத்து கிடைத்தது. அன்று முதல் ஜம்பை என்றால் அதியமான் என்று ஆகிவிட்டது. ஆய்வாளர்கள் வருகிறார்கள், மாணவர்கள் வருகிறார்கள், குன்றைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அதே ஊரின் சிவன் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஒரு பெண்ணின் பெயர் வருகிறது: சேந்தன் உமையாள். அரசி இல்லை, அரசனின் அக்கா இல்லை, கோயில் கட்டியவளும் இல்லை. வரி கேட்கப்பட்டவள். அந்தப் பெயர் வாயிலிருந்து ஓலைக்கும், ஓலையிலிருந்து கல்லுக்கும், கல்லிலிருந்து காகிதத்துக்கும், காகிதத்திலிருந்து புத்தகத்துக்கும் வந்த வழியைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அதியமான் பெயரைவிட இந்தப் பெயர் குறைந்ததில்லை என்பது என் கட்சி.

நடந்தது இது. வரி தண்டும் அதிகாரி உமையாளிடம் வந்து வரி கேட்டான். தான் கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்றாள் அவள். அவன் விடவில்லை. சொன்னதை மெய்ப்பிக்கும்படி அவளைச் சோதனைக்கு உட்படுத்தினான். அவமானம் தாங்காமல் அவள் நஞ்சு குடித்து உயிரை விட்டாள். அதற்குப் பிறகு நான்கு திசையிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் கூடி விசாரித்து, குற்றம் அதிகாரி மேல்தான் என்று தீர்த்தார்கள். பழி நீங்க அவன் கோயில் விளக்குக்காக 32 காசு கொடுத்தான். அந்தக் கொடை கல்லில் ஏறியது. கொடையோடு அதற்குக் காரணமான அவள் பெயரும் ஏறியது.

ஒரு உயிருக்கு 32 காசும் ஒரு விளக்குமா என்று இன்று படிக்கிறவருக்கு நெஞ்சு கொதிக்கும். எனக்கும் கொதித்தது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசாங்கத்தின் ஆள் ஒருவன் ஒரு பெண்ணிடம் முறை தவறி நடந்தான் என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லி, அதை அழியாத இடத்தில் எழுதியும் வைத்தது. யாரோ ஒருத்தி, இன்னாருடைய மனைவி என்று போட்டிருந்தாலும் கொடைக் கணக்குக்குப் போதும். பெயரையே எழுதினார்கள். எழுதியதால்தான் நாம் இன்று அவளைப் பற்றிப் பேச முடிகிறது.

பெயரின் அமைப்பைப் பாருங்கள். சோழர் காலத்துப் பெயர்களில் முன்னே நிற்பது பெரும்பாலும் தகப்பன் பெயர். சேந்தன் மகள் உமையாள் என்று இதைப் படிக்க வேண்டும். ராஜராஜனின் தமக்கையும் தஞ்சைக் கல்வெட்டில் ஆழ்வார் பராந்தகன் குந்தவைப் பிராட்டியார் என்றே வருகிறார். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்ற அடையாளமும் உண்டு. ஆனால் பெயரோடு ஒட்டி நிற்பது தகப்பன் பெயர்தான். மணமான பிறகு முன்னெழுத்தை மாற்றும் வேலை அங்கே இல்லை. குந்தவையும் உமையாளும் எவ்வளவோ தூரத்தில் வாழ்ந்தவர்கள். ஒருத்தி பொன்னும் மணியும் அள்ளிக் கொடுத்தவள், இன்னொருத்தி இல்லாத வரிக்காகச் செத்தவள். பெயர் எழுதும் முறை இருவருக்கும் ஒன்றாக இருந்தது.

எல்லாப் பெண்களுக்கும் இந்தக் கொடுப்பினை இருந்ததா? இல்லை. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கங்களில் நடுகற்கள் நிறைய. எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு நட்டது. அவனுடைய நாயும் அந்தக் கல்லில் இருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நாயின் நன்றியை மறக்காத அந்த மனசை நான் வணங்குகிறேன். அதே கல்லில் அவனை மணந்தவள் பெயர் இல்லை. மாடு பிடிக்கிற சண்டையில் அவளுக்குப் பங்கில்லை என்று எழுதியவர் நினைத்திருக்கலாம். அவன் செத்த பிறகு அந்த எருமைகளை மேய்த்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

பல நூறு கல்வெட்டுகளில் பெண்ணின் பெயர் எங்கே வருகிறது என்று தேடினால் ஒரு வழக்கம் தெரியும். அவளிடம் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும், அல்லது அவளுக்குச் சேர வேண்டியது ஏதாவது இருக்க வேண்டும். கோயிலில் நந்தா விளக்கு எரிக்க 96 ஆடு விட்டவளின் பெயர் எழுதப்பட்டது. சாவாமல் மூப்படையாமல் என்றும் 96ஆகவே இருக்க வேண்டிய ஆடுகள் அவை. கணக்கு என்றைக்கும் நிற்க வேண்டும் என்பதால் கொடுத்தவள் பெயரும் நின்றது. நிலம் விற்ற பிராமணப் பெண்ணின் பெயர் எழுதப்பட்டது. ஆனால் அவள் தனியாக விற்க முடியாது, முதுகண் என்று ஓர் ஆண் துணை நிற்க வேண்டும், அவன் பெயரும் கூட வரும். கொடுமையான இடம் ஒன்றும் உண்டு. ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு என்று அடிமை விற்ற ஓலைகள் கல்லில் இருக்கின்றன. அவற்றில் விற்கப்பட்ட பெண்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் பெயர் பெயராக வருகிறார்கள். உடைமை உள்ளவளுக்கும் பெயர் உண்டு, தானே உடைமையாகப் போனவளுக்கும் பெயர் உண்டு. இரண்டுக்கும் நடுவே வீட்டில் இருந்த பெரும்பான்மைப் பெண்கள் மகள், மனைவி, தாய் என்ற உறவுச் சொல்லோடு போய்விட்டார்கள்.

பெயர்கள் குவிந்து கிடக்கும் இடம் தஞ்சைப் பெரிய கோயில். தான் கொடுத்ததையும், தன் அக்கன் கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்தில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். உலகாண்ட ஒருவன் அரசாணையில் அக்கன் என்று வீட்டுச் சொல்லால் தமக்கையைக் குறிப்பிட்டான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி வரும். அதே கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டு 1014ஆம் ஆண்டை ஒட்டியது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 பெண்களுக்கு ஆளுக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கிடைக்கும் பங்கும் கொடுத்த கணக்கு அது. தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று வரிசையாக எழுதியிருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: திருவையாற்று உலகமாதேவி ஈச்சரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. தொடர்ந்து வரும் பெயர்களில் எடுத்தபாதம் இருக்கிறாள், சோழகுலசுந்தரி இருக்கிறாள். ஆடும் பெருமானின் தூக்கிய திருவடியையே மகளுக்குப் பெயராக வைத்த தாய் யாரோ, அவளைக் கும்பிட வேண்டும். மருத்துவர் இரா. கலைக்கோவன் இந்தக் கல்வெட்டைத் தமிழில் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தேடிப் படிக்க வேண்டியது.

அந்த 400 பேருக்கும் நக்கன் என்பது முன்னொட்டு. சிவனின் பெயர். உமையாளுக்குத் தகப்பன் பெயர் இருந்த இடத்தில் இவர்களுக்குச் சாமியின் பெயர். ராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவியும் நக்கன் தில்லை அழகியார் என்று குறிக்கப்படுகிறார். பஞ்சவன்மாதேவி, செம்பியன் மாதேவி, உலகமாதேவி எல்லாம் பட்டப்பெயர்கள். பட்டம் கனத்துப் போனால் அடியிலிருக்கும் சொந்தப் பெயர் நசுங்கிவிடும். உலகமாதேவிக்குத் தந்திசக்தி விடங்கி என்ற பெயர் கல்லில் தப்பியது. தில்லை அழகியாரும் தப்பினார். கோயில் கோயிலாகக் கற்றளி எழுப்பிய செம்பியன் மாதேவியோ மழவர் குலத்து மகள், கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழனைத் திருவயிறு வாய்த்தவர் என்று மூன்று ஆண்களைச் சொல்லித்தான் அடையாளம் காட்டப்படுகிறார். அவ்வளவு கற்களை அடுக்கியவர் அவர்.

ஆடலில் சிறந்தவளுக்குத் தலைக்கோலி என்ற பட்டம் பெயரோடு சேரும். தொழில் கொடுத்த பெயர் என்பதால் அதில் ஒரு பெருமை இருக்கிறது. ராஜராஜனின் மகள் ஒருத்தி திருவலஞ்சுழியில் நடுவிற் பெண்பிள்ளை மாதேவடிகள் என்று வருகிறாள். அரசன் வீட்டிலும் பெரியவள், நடுவுளவள், சின்னவள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்! எங்கள் பக்கத்து வீடுகளில் மூன்று பெண் பிறந்தால் இன்றும் அதே கூப்பாடுதான்.

பெண்ணின் பெயர் ஊராகவும் மாறியதுண்டு. ராஜேந்திர சோழனின் அணுக்கி, அதாவது நெருக்கமானவள், பரவை நங்கை திருவாரூர்க் கோயிலுக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. அரசனும் அவளும் சேர்ந்து நின்று சாமி கும்பிட்ட இடத்தில் ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது. விழுப்புரத்துக்குப் பக்கத்துப் பனையபுரம் அவள் பெயரால் பரவைபுரம் என்று கல்வெட்டுகளில் வழங்கியது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் என்ன நடந்தது என்று பார்க்கத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் 1085 இறுதியில் அரசன் வில்லியம் நாட்டின் நிலக் கணக்கை எடுக்கச் சொன்னான். டூம்ஸ்டே புத்தகம் என்பது அதன் பெயர். நிலம் வைத்திருந்த பெண்கள் அதில் பெயரோடு வருகிறார்கள். அழகி ஈட்கிஃபு என்று ஒருத்தி. பல ஊர்களில் நிலம் இருந்தவள். 300 ஆண்டு கழித்துத் தலைவரி வந்தது. 1379ஆம் ஆண்டு வரியில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கணக்கு. பட்டியலில் அவன் பெயர் இருக்கும். அவள் பல இடங்களில் அவனுடைய மனைவி என்று மட்டும் இருப்பாள். கல்யாணமாகாதவளும் கைம்பெண்ணும் தனித் தலையாக வரி கட்ட வேண்டும், ஆகவே அவர்களுக்குப் பெயர் உண்டு. யார்க்‌ஷயர்ப் பட்டியல்களில் இன்னாரின் வைஃப், இன்னாரின் டாட்டர், இன்னாரின் சர்வன்ட் என்பதே பெண்ணின் பின்பெயராக ஒட்டிக்கொண்டது. பீர் காய்ச்சியவள் ப்ரூஸ்டர், ரொட்டி சுட்டவள் பாக்ஸ்டர், துணி நெய்தவள் வெப்ஸ்டர். பெண்களின் தொழிலில் பிறந்த அந்தப் பெயர்கள் பின்னாளில் ஆண் வழியில் இறங்கும் குடும்பப் பெயர்களாகிவிட்டன. வரிக்காரன் வந்து கதவைத் தட்டினால்தான் பெண்ணுக்குப் பெயர் என்பது ஜம்பைக்கும் யார்க்‌ஷயருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

உமையாளிடம் திரும்புவோம். சபை தீர்த்தது, காசு கட்டினான், விளக்கு ஏற்றினார்கள். கொடையைக் கல்லில் வெட்டுவதற்கு முன்னால் ஓலையில் எழுதுவது வழக்கம். அதைப் பார்த்துத்தான் கல்தச்சன் உளி பிடிப்பான். அக்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி அநேகமாக இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ரகரமும் காலும் ஒன்று போலத் தெரியும். சேந்தனா செந்தனா என்பதைப் படிக்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். மொழியும் வழக்கும் தெரிந்த கண்ணுக்குச் சேந்தன் என்று தெரியும். முருகனுக்கும் அந்தப் பெயர் உண்டு, அது அன்று பரவலாக வைத்த பெயர்.

அப்புறம் நூற்றாண்டுகள் ஓடின. சோழர் போனார்கள். காடவராயர், சம்புவராயர், போசளர், விஜயநகரத்தார் என்று ஒவ்வொருவராக இந்தப் பெண்ணையாற்றுச் சீமையை ஆண்டார்கள். 32 காசில் எரிந்த விளக்கு எப்போதோ அணைந்திருக்கும். எழுத்து மாறிவிட்டதால் கோயிலுக்குப் போய் வந்த ஜனங்கள் அந்தச் சுவரைப் படிக்கவில்லை. அவள் ஊர்க்காரர்களே அவள் பெயரைத் தொட்டுக்கொண்டு போயிருப்பார்கள், தெரியாமல்.

1886இல் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் சென்னை மாகாணத்தின் கல்வெட்டுப் பணிக்கு அமர்த்தப்பட்டார். தஞ்சைக் கல்வெட்டுகளையும் தளிச்சேரிப் பெண்களின் பட்டியலையும் அச்சில் கொண்டுவந்தவர் அவர். வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி போன்ற நம்மவர்கள் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் படியெடுப்பது அவர்கள் வேலை. சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவார்கள். ஈரக் காகிதத்தை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் அது இறங்கும்வரை தட்டுவார்கள். காய்வதற்கு முன்னால் மசி ஒற்றுவார்கள். கல்லின் பரப்பு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக எழும்பும். ஜம்பைக் கோயில் சுவருக்கு அந்தக் காகிதம் 1906இல் வந்தது. கல்லை விட்டு உமையாளின் பெயர் வெளியே வந்தது அன்றுதான்.

படி எடுத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டு ஆண்டறிக்கையில் அரிதாகவே இருக்கும். வெயிலில் மசிக் கையோடு நின்றவர்கள் அவர்கள். அவர்கள் இல்லையென்றால் சோழர் வரலாறே நமக்குக் கிடையாது.

அங்கிருந்து பெயர் ஆங்கிலத்துக்குப் போனது. நீலகண்ட சாஸ்திரியார் 1935இலும் 1937இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட சோழர் வரலாற்று நூலில் ஜம்பைச் சம்பவத்தை எடுத்துச் சொன்னார். வரி நிர்வாகமும் நீதியும் எப்படி நடந்தன என்று காட்ட அவருக்கு இது சான்றாகியது. பின்னாளில் அந்த நூல் 'சோழர்கள்' என்று தமிழில் வந்தது. ஆங்கில எழுத்தில் அரை நூற்றாண்டு கிடந்த பெயர் மறுபடி தமிழ் எழுத்துக்கு ஏறியது. 1978இல் நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் திரட்டி மூன்று தொகுதிகளாக மதுரையில் வெளியிட்டார்கள். அரசர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண், பெயர்ப் பட்டியலைப் பார்க்கத் தொடங்கியது. 2000இல் லெஸ்லி ஓர் என்ற அறிஞர் கோயில் பெண்களைப் பற்றியே தனி நூல் எழுதினார். அவர்கள் எந்தப் பெயரால், எந்த ஊரால், யாருடைய மகளாகக் குறிக்கப்பட்டார்கள் என்பதை வைத்தே அவர்களுடைய நிலையை விளக்க முடியும் என்று அந்த நூல் காட்டியது.

படிகள் மட்டும் அலைந்துகொண்டே இருந்தன. உதகமண்டலத்தில் இருந்தன, பிறகு மைசூருக்குப் போயின. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நம் பெண்களின் பெயர்கள் நம் மண்ணில் இருக்க வேண்டும் என்று வழக்குப் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனி எங்கள் ஊர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பல பெயர்கள் உண்டு. பிறந்ததும் வைத்தது ஒன்று: உண்ணாமுலை, பச்சையம்மாள், அஞ்சலை. முன்னே பிறந்தது தங்காமல் போயிருந்தால் குப்பம்மாள். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் போதும்பொண்ணு. வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பெயர் வைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. கல்யாணமாகிப் புகுந்த ஊருக்குப் போனால் பிறந்த ஊரே பெயராகும். செஞ்சியா, வேட்டவலத்தா, சோமாசிபாடியா என்பார்கள். திருவையாற்றிலிருந்து தஞ்சைக்கு வந்த சேரமங்கையை ஊர் சொல்லி எழுதியது போலத்தான். பிள்ளை பிறந்ததும் குமார் அம்மா, செல்வி அம்மா. கடைசியில் ஆயா. அறுபது வயதில் அவளுடைய சொந்தப் பெயர் அவள் காதில் விழுவது ஏதாவது அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போதுதான்.

திருவண்ணாமலைக் கோயிலின் வடக்குக் கோபுரத்தைக் கட்டி முடித்தவர் ஒரு பெண். 171 அடி உயரம். செங்கத்துக்குப் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்து, வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி முடித்தார் என்று ஊர் சொல்கிறது. இயற்பெயர் அருள்மொழி என்பது வழிவழிச் செய்தி. கோபுரத்துக்கு வழங்கும் பெயரோ அம்மணி அம்மன் கோபுரம். ஜனங்கள் மரியாதையாகக் கூப்பிட்ட சொல்லே நிலைத்துவிட்டது. இவரை ஊர் மறக்கவில்லை.

அலுவலகத்துக்கு வருவோம். 1951-52இல் நடந்த நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே சொல்லி, சொந்தப் பெயர் சொல்ல மறுத்த பெண்கள் வட மாநிலங்களில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயர் சொன்னால்தான் வாக்கு என்றார். கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். கடுமையான முடிவுதான், ஆனால் சரியான முடிவு. அடுத்த தேர்தலுக்குள் பெயர் சொல்ல வைக்க வேண்டும் என்ற வேலை அதனால்தான் நடந்தது.

1989இல் தமிழ்நாடு வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்றது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டின் மூத்த பெண்ணையே குடும்ப அட்டைக்குத் தலைவி ஆக்கியது. 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, மாதம் 1000 ரூபாய் வீதம் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குச் சேர்ந்தது. சோழர் காலத்து வழக்கம்தான் மறுபடியும்: சேர வேண்டியது ஒன்று இருக்கும்போது பெயர் வேண்டியிருக்கிறது. அட்டையில் பச்சையம்மாள், ஆதாரில் பச்சையம்மா, வங்கிப் புத்தகத்தில் பச்சம்மாள். முன்னெழுத்து ஒன்றில் தகப்பனுடையது, இன்னொன்றில் கணவனுடையது. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைகிற பெண்களை எங்கள் ஊரில் எந்த நாளும் பார்க்கலாம். தான் தான்தான் என்று மெய்ப்பிக்கும் பாடு உமையாளோடு முடிந்திருக்க வேண்டும்.

சர்க்காரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெயரை முதலில் தொலைப்பது வீடு. தகப்பனார் இறந்தபின் பட்டா மாற்றும்போது மகள்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்கிறோம். நிலத்தில் களை எடுத்ததும் நாற்று நட்டதும் யார்? பட்டாவில் அவள் பெயர் இல்லை என்றால் நாளைக்கு இந்த நிலத்தைப் பற்றி எழுதுகிறவன் கண்ணில் அவள் படவே மாட்டாள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் குழல் விளக்கின் மேல் உபயம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். இன்னார் மற்றும் குடும்பத்தினர் என்றிருக்கும். ஆட்டை விற்றும் சீட்டுப் பணம் எடுத்தும் அந்த விளக்கை வாங்கிக் கொடுத்தவள் அந்தக் குடும்பத்தினருக்குள் ஒளிந்திருப்பாள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் விளக்குக் கொடுத்தவள் தன் பெயரை எழுதிக்கொண்டாள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. வீட்டுப் பத்திரங்களை ஒருநாள் எடுத்து வெளியே வையுங்கள். அம்மா பெயர், பாட்டி பெயர், மனைவி பெயர் ஒவ்வொன்றிலும் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்கிறபடி எல்லாவற்றிலும் ஒன்றாகத் திருத்துங்கள். பூர்வீக நிலத்தில் பங்குள்ள பெண்ணின் பெயரைப் பட்டாவில் சேருங்கள். அடுத்த முறை கோயிலுக்கு விளக்கோ மணியோ வாங்கிக் கொடுத்தால், கொடுத்தவள் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். மணலூர்ப்பேட்டைப் பக்கம் போனால் ஜம்பைக் குன்றோடு திரும்பிவிடாதீர்கள்; சிவன் கோயிலுக்கும் போய்வாருங்கள். அந்த ஊரில் நம் தொல்லியல் துறை வைக்கும் எந்தப் பலகையிலும் அதியமானோடு சேந்தன் உமையாள் பெயரும் இருக்க வேண்டும்.